வயர் இல்லாத காது மெசின்

அன்பு மகனே, தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை கூறைச் சேலைக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்க வந்த, நீ கட்டப்போகிற தர்ஷினி, நீ கடைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் ஒன்று கேட்டாள். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும், யார் வீட்டுக்குப் போனாலும் நீ வாசலைப் பார்த்த கதிரையில்தான் இருப்பாயாம். அதில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே இருப்பாயாம். "ஏன் அன்ரி அப்படி? கேட்டால் சிரிச்சுப்போட்டு விடுறார்" என்றாள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியவன் நீ. ஆனால் அந்தக் காலத்தில் உனக்குத் தெரிந்தது பாதிதான், நீ வீட்டுக்குள் இருந்த பாதி. நான் வெளியே அலைந்த மற்றப் பாதியை ஒருநாளும் ஒழுங்காக உனக்குச் சொன்னதில்லை. கலியாணத்துக்கு முன்னர் சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. உன்னிடம் கேட்டு, நீ சரி என்ற பிறகுதான் இதை மற்றவர்களும் வாசிக்கும்படி எழுதுகிறேன். காது கேட்காத பிள்ளையோடு இந்தக் கொழும்பில் காலம் தள்ளுகிற தாய் தகப்பன்மார் நாங்கள் மட்டும் இல்லை.

மூளைக்காய்ச்சல் வந்து உன் காது போனபோது உனக்கு ஆறு வயது. அதற்குள் கதைக்கப் பழகியிருந்தாய், அதனால் பேச்சாவது தப்பியது. ஆஸ்பத்திரியில் ஊசி, மருந்து, கட்டில் எதற்கும் எங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை. மெசின் என்று வந்தபோதுதான் டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு, அதை நீங்கள் வெளியில் வேண்டவேண்டும் என்றார். வைத்தியம் அரசாங்கத்தின் பொறுப்பாம், சாமான் எங்களுடைய பொறுப்பாம். முதல் பெட்டியைக் கடன்பட்டுத்தான் வேண்டினோம். பிறகு பல வருடம் கழித்து, அரசாங்க வேலை செய்கிற எங்களுக்கென்று ஒரு காப்புறுதித் திட்டம் வந்து மாதாமாதம் சம்பளத்தில் வெட்டத் தொடங்கினார்கள். திணைக்களத்தில் என்னோடு இருந்து காணிப் படமும் பாலப் படமும் கீறிய மற்றவர்கள் எல்லாரும் முணுமுணுத்தபோது நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். அந்தத் திட்டம் காது மெசினுக்கும் காசு கொடுத்தது. ஆனால் ஒரே ஒரு வகைக்குத்தான். சட்டைப்பைக்குள் வைக்கிற பெட்டி, அதிலிருந்து கழுத்து வழியாக ஏறிக் காதுக்குள் போகிற வயர். காதுக்குப் பின்னால் கொழுவுகிற சின்ன மெசின் அப்போதே கடையில் இருந்தது. அது அழகுக்குப் போடுகிற சாமான் என்று அவர்களுடைய விதி சொன்னது. எங்களுக்கும் அது பெரிதாகப் படவில்லை. பெட்டி நன்றாக வேலை செய்தது, பென்சில் பற்றரி எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கிடைத்தது. நீ அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், எட்டுப் பாடத்திலும் நல்ல பெறுபேறு எடுத்தாய்.

பெட்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஊர்தான் மாறிக்கொண்டு வந்தது. குண்டுகள் வெடிக்கத் தொடங்கியதும் காலி வீதியில் ஆமிச் சாவடிக்கு மேல் சாவடி வந்தது. வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கைத் தலைப்பிலும் மண்மூட்டை அடுக்கினார்கள். பொலிஸில் பதிந்த துண்டு இல்லாமல் பாண் வேண்டக்கூடப் போகேலாது. அப்பா வவுனியாவில் தபால் கந்தோரில் வேலை. ஆமி தருகிற பயணப் பாஸ் கிடைத்தால் வருவார், கிடைக்காவிட்டால் கடிதம் வரும். நீயும் நானும் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்த அனெக்ஸில் ஓர் அறையும் குசினியுமாக இருந்தோம். மேல்மாடியில் வீட்டுக்காரர் பெரேரா அங்கிள். றெயில்வேயில் வேலை செய்து பென்சன் எடுத்தவர்.

உனக்குப் பதினேழு வயது. பம்பலப்பிட்டியில் ரியூஷன் முடிந்து வருகிற பின்னேரம், சாவடியில் ஒரு ஆமிக்காரப் பெடியன் உன் கழுத்தில் வயரைக் கண்டான். சட்டைப்பை புடைத்திருந்தது. அவன் ஏதோ கத்தினான். உனக்குச் சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. சொல் விளங்காவிட்டால் நீ என்ன செய்வாய்? ஆறு வயதிலிருந்து செய்வதைத்தான் செய்தாய். சத்தத்தைக் கூட்டச் சட்டைப்பைக்குள் கையை விட்டாய். அதை அவர்கள் என்னவென்று நினைத்திருப்பார்கள் என்று இப்போதும் சில வேளை யோசிப்பேன். சுடாமல் விட்டார்களே என்று அந்தப் பெடியனுக்கு நன்றி சொல்வதா, உன்னை ரோட்டில் குப்புறப் போட்டுச் சட்டையைக் கிழித்ததற்கு அவனைத் திட்டுவதா என்று எனக்கு ஒருநாளும் முடிவு வந்ததில்லை. பெட்டியைச் சப்பாத்தால் மிதித்தார்கள். உன்னைப் பொலிஸுக்குக் கொண்டு போனார்கள். விடிய நானும் பெரேரா அங்கிளும் டொக்டரின் பழைய துண்டுகளோடு போனோம். அங்கிள் தன்னுடைய அடையாள அட்டையை மேசையில் வைத்து, இந்தப் பிள்ளையை ஆறு வருடமாக எனக்குத் தெரியும், என் வீட்டில்தான் வளர்ந்தது என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லியே உன்னை வெளியே எடுத்தார். நீ வந்து என் முகத்தைப் பார்த்தாய். என் வாய் அசைந்ததைப் பார்த்தாய். "மெசின் இல்லை அம்மா, ஒண்டும் கேக்கேல்லை" என்றாய், அந்த இடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ தர்ஷினிக்குச் சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறேன். மெசின் இல்லாமல் உன்னை வெளியே விட எனக்குத் துணிவு வரவில்லை. நில் என்று பின்னால் ஒருவன் கத்தினால் நீ நடந்துகொண்டே இருப்பாய். ஆனால் வீட்டுக்குள் பூட்டிவிட்டு வேலைக்குப் போகவும் வழியில்லை. ஆமி தேடுதல் வரும். கதவைத் தட்டுவார்கள், உனக்குக் கேட்காது, உடைத்துக்கொண்டு வருவார்கள், உள்ளே ஒளிந்திருந்த ஒரு தமிழ்ப் பெடியனைத்தான் காண்பார்கள். அதனால் காலையில் நான் போகும்போது முன்கதவை அகலத் திறந்துவிட்டு, அதற்கு நேரே கதிரையைப் போட்டு உன்னை இருத்தினேன். படிப்பதென்றாலும் அதில் இருந்து படி, சாப்பிடுவதென்றாலும் அதில் இருந்து சாப்பிடு, யாரும் வந்தால் உடனே எழும்பிக் கையைக் காட்டு என்று சொன்னேன். கக்கூசுக்குப் போவதானால்கூட மேல்மாடிக்கு ஏறி அங்கிளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாதக் கணக்கில் அப்படி இருந்தாய். திறந்த கதவுக்கு முன்னால் இருந்தபடி வெளியே போக முடியாமல் இருந்தாய். பூட்டிய அறையில் இருப்பவனுக்குக் கதவையாவது பார்க்காமல் இருக்கலாம். ஒருநாள் நான் வேலையால் வரும்போது கதிரையைச் சுவருக்குத் திருப்பிப் போட்டுவிட்டு இருந்தாய். நான் திரும்பவும் நேராக்கினேன். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. உடைந்த மெசினோடு நான் காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். உபகரணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு சிங்கள மனிதர், என் வயதிருக்கும், மரியாதையான ஆள். யார் உடைத்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, அப்படி எழுதினால் ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள், படியில் விழுந்து உடைந்தது என்று எழுதுங்கள் நோனா, அடுத்த மாதமே புதிய பெட்டி எடுத்துத் தருகிறேன் என்றார். உதவத்தான் நினைத்தார். நான் யோசித்துப் பார்த்தேன். புதிய பெட்டி வந்தால் புதிய வயரும் வரும். அதே வயரோடு அதே ரோட்டில் உன்னை எப்படி விடுவது? எனக்குக் காதுக்குப் பின்னால் போடுகிற மெசின்தான் வேண்டும் என்றேன். அவர் கொப்பியை மூடினார். இரண்டிலும் ஒரே சத்தம்தான் கேட்கிறது, சின்ன மெசின் ஒன்றின் காசில் மூன்று பேருக்குப் பெட்டி கொடுக்கலாம், அழகுக்காகக் கூடுதலாகக் கொடுத்தால் அது வேறொருவருடைய இருதய ஒப்பரேஷனுக்குப் போகிற காசு என்று சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பொய் சொல்கிறவரோடு சண்டை பிடிக்கலாம். அவருக்கு மெசின் என்பது விலை போட்ட ஒரு பெட்டி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை எந்த ரோட்டால் நடக்க வேண்டும் என்று அவருடைய கொப்பியில் கேட்க ஒரு இடமும் இருக்கவில்லை.

மேன்முறையீட்டுக் குழு ஒன்று இருக்கிறது என்று அவரே கடைசியில் சொன்னார். எத்தனையோ தரம் போய், விடுமுறை எல்லாம் முடிந்து, சம்பளத்திலும் வெட்டு விழுந்த பிறகு ஒரு திகதி கிடைத்தது. பிள்ளையையும் கொண்டுவர வேண்டுமாம். அன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது உனக்கு நினைவிருக்கும், ஆனால் அங்கே என்ன பேசப்பட்டது என்று உனக்குக் கேட்டிருக்காது. குழுவுக்கு முன்னால் நீ கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக என்னோடு வேலை செய்த ஒருவருடைய மகளின் பெட்டியை ஒருநாளைக்கு இரவல் வேண்டியிருந்தேன். வழியில் எல்லாச் சாவடியிலும் அது என் கைப்பையின் அடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே கிடந்தது. ஆனால் பிடிபட்டது கந்தோர் வாசலில். காவலாளி பையைக் கொட்டினான். பெட்டியையும் வயரையும் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். இது காது மெசின், இந்தக் கந்தோர்தான் இதற்குக் காசு கொடுத்தது என்று நான் எவ்வளவு சொல்லியும், வயர் உள்ள சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது தனக்கு வந்த கட்டளை என்றான். ஒரு துண்டைத் தந்து, மெசினை ராக்கைத் தட்டில் வைத்துவிட்டு எங்களை உள்ளே விட்டான்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவியாக ஒரு வயதான டொக்டர் அம்மா, ஒரு பக்கம் கணக்காளர், மற்றப் பக்கம் அந்த அதிகாரி. டொக்டர் அம்மா உன்னைப் பார்த்து, பெட்டி போட்டால் உனக்கு எவ்வளவு தூரத்துக் கதை விளங்கும் என்று கேட்டார். நீ அவருடைய வாயைப் பார்த்தாய், சிங்கள வாய் உனக்குப் பிடிபடவில்லை, பிறகு என்னைப் பார்த்தாய். அவர் கொஞ்சம் எரிச்சலோடு, மெசினைப் போடச் சொல்லுங்கள், அதைப் பற்றித்தானே கதைக்க வந்திருக்கிறோம் என்றார். நான் எழும்பி நின்று சொன்னேன்: "மெசின் உங்கட வாசலில இருக்கு, டொக்டர். உள்ளே விடமாட்டம் எண்டு எடுத்து வைச்சிட்டினம்."

அவர் நம்பவில்லை. பியோனை அனுப்பினார். பியோன் வெறுங்கையோடு வந்து, பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், அவர் வராமல் தரமாட்டார்களாம் என்றான். கணக்காளர் நேரத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வந்து கேட்பார்கள் என்றார். எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. சிங்களத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "கேக்கட்டும், சேர். கேக்கிறதுக்குத்தானே மெசின்." சிங்களத்திலும் நம்முடைய தமிழைப் போலவேதான், வாயால் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் ஒரே சொல். டொக்டர் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. சிரித்தார் என்று சொல்லமுடியாது. பேனையை எடுத்து எழுதினார். உனக்கு அங்கே நடந்தது எதுவுமே தெரியாது. வெளியே வந்ததும் "என்ன சொன்னவை?" என்று கேட்டாய். பாப்பம் எண்டு சொல்லியிருக்கினம் என்றேன். எனக்கே நிச்சயம் இருக்கவில்லை.

மெசின் வந்தது. அதை முதலில் போட்ட பின்னேரம், கடல்பக்கமாக றெயில் போனபோது நீ கதிரையால் எழும்பிப் படலைக்குப் போய் நின்றாய். பிறகு என்னைக் கேட்காமலே படலையைத் திறந்துகொண்டு காலி வீதிப் பக்கமாக நடந்தாய். நான் பின்னால் ஓடி வரவில்லை. படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பாணும் ஒரு இங்கிலீஷ் பேப்பரும் வேண்டிக்கொண்டு திரும்பி வந்து, "சாவடியில நில் எண்டான், நிண்டனான்" என்றாய். அவ்வளவுதான். உனக்குக் கதவு திறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பிறகும் நீ எத்தனை தரம் பஸ்ஸால் இறக்கப்பட்டாய், எத்தனை தரம் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆனால் சொல்வது காதில் விழுந்தது, கையைச் சட்டைப்பைக்குக் கொண்டு போகத் தேவையில்லாமல் போனது. அவ்வளவு கிடைப்பதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

உனக்குக் கொடுத்ததை விசேட அனுமதி என்று எழுதியிருந்தார்கள், மற்றவர்கள் இதைக் காட்டிக் கேட்கக்கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். கொஞ்ச நாள் போக அந்த அதிகாரி என் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். வயர் பெட்டியோடு மட்டக்குளியில் ஒரு பிள்ளை பிடிபட்டிருக்கிறதாம், தகப்பன் தன் மேசைக்கு முன்னால் இருந்து அழுகிறாராம். விதியை மாற்ற ஒரு யோசனை எழுதப்போகிறேன், உங்களுக்குத்தான் இது தெரியும், வந்து சொல்லுங்கள் என்றார். நான் போனேன். மெசினின் பெயரை வைத்து விலை போடாதீர்கள், அந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு எங்கே போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு எழுதுங்கள் என்றேன். வளர்கிற பிள்ளைக்குக் காது பெருக்கும், காதுக்குள் வைக்கிற அச்சு பொருந்தாமல் போகும், அதையும் மாற்றிக் கொடுங்கள், பழுதானால் திருத்துகிற காசையும் கொடுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் எழுதினார். மேலிடத்துக்குப் போய் வரும்போது சிலது தப்பியது, சிலதை வெட்டிவிட்டார்கள். டொக்டர் சொல்கிற வகை கிடைக்கும், அச்சு கிடைக்கும். பற்றரி கிடைக்காது. பென்சன் எடுத்தவர்களுக்கு எதுவுமே கிடைக்காது. பென்சன்காரருக்காக நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அது யாரோ கிழடுகளுடைய கதை என்று இருந்தது.

உனக்குக் கொஞ்சம் புத்தியும் சொல்லலாம் என்று இருந்தேன், ஆனால் சொல்வதற்கு அதிகம் இல்லை. இப்போது திரும்பவும் சாவடிகள் கூடிவிட்டன. தர்ஷினி பயந்த சுபாவம். உன்மேல் உள்ள அன்பில் இன்றைக்குப் போகாதீங்கோ, நாளைக்கும் போகாதீங்கோ என்று சொல்லத் தொடங்குவாள். அவளோடு கோபிக்காதே. ஆனால் போ. யாரிடமாவது எதையாவது கேட்கப் போனால், அவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கேட்காதே, உனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக் கேள். நியாயமான ஆட்கள்கூட தங்கள் கொப்பியில் உள்ளதைத்தான் உலகம் என்று நினைப்பார்கள்.

இன்னும் ஒன்று. நான் பென்சன் எடுத்ததிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் போவதைக் குறைத்துவிட்டேன் என்று நீ கவனித்திருக்கிறாய். முழங்கால் நோகிறது என்று சொன்னேன். போன மாதம் கலியாணக் காட் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோமே, அன்றைக்குத்தான் உனக்கு விளங்கியது. நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று நீ பின்னாலிருந்து என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாய். திரும்பிப் பார்த்தால் ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தூக்கியபடி நிற்கிறான். அவன் எத்தனை தரம் கூப்பிட்டானோ, எனக்கு ஒன்றும் விழவில்லை. நீ எனக்கு முன்னால் வந்து நின்று சிங்களத்தில் அவனிடம் சொன்னாய்: "அம்மாவுக்குக் காது கேக்காது. என்னட்டச் சொல்லுங்கோ, எனக்குக் கேக்கும்." அவன் உன் காதுக்குப் பின்னால் இருந்த மெசினைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகுதான் நீ என் பக்கம் திரும்பி, நான் வாய் அசைவை வாசிக்கட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொன்னாய், "கலியாணம் முடிய உங்களுக்கு ஒரு மெசினுக்கு எழுதுவம்." பென்சன்காரருக்கு அவர்கள் கொடுப்பதில்லை என்றேன். "தெரியும். அதாலதான் எழுதவேணும்" என்றாய். அந்த நேரம் பஸ் ஏற்றத்தில் இரைந்துகொண்டு ஏறியது. நான் சொன்ன பதில் உனக்குக் கேட்டதோ தெரியாது, நீ யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஓம், எழுதுவம் என்றுதான் சொன்னனான்.

அம்மா